டெலிவரி பைக்குக்குப் பின்னால் ஒரு பதிவேடு

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால் கோட்டக்குப்பம். அதைத் தாண்டினால் பெரிய முதலியார்சாவடி. சில கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் யூனியன் பிரதேசம் முடிந்து விழுப்புரம் மாவட்டம் வந்துவிடுகிறது. உங்கள் செல்போனில் உள்ள ஆப் இந்த எல்லையைப் பார்ப்பதில்லை. புதுச்சேரி ஹோட்டலில் பிரியாணிக்கு ஆர்டர் கொடுத்தால், வண்டி எத்தனை நிமிடத்தில் வரும் என்று மட்டும் மேப்பில் காட்டும்.

அந்தப் பையைச் சுமந்து வருபவர் யாருடைய ஊழியர்? ஆப் நிறுவனத்தைக் கேட்டால் ‘பார்ட்னர்’ என்பார்கள். ஹோட்டலைக் கேட்டால் எங்கள் ஆள் இல்லை என்பார்கள். பி.எப்., இ.எஸ்.ஐ. எதுவும் கிடையாது. ஆனால் அவருக்குத் தரும் தொகையில் வரி பிடித்தால், அது அவருடைய பான் எண்ணில் வருமான வரித் துறையின் தளத்தில் ஏறிவிடும். வரித் துறைக்குத் தெரிந்த ஆள் தொழிலாளர் துறைக்குத் தெரியாமல் இருப்பது வேடிக்கைதான். நாடு முழுவதும் இத்தகைய கிக் தொழிலாளர்கள் 2020-21-இல் 77 லட்சம் பேர் என்று நிதி ஆயோக் 2022-இல் கணக்கிட்டது. 2029-30-இல் 2.35 கோடியாகும் என்பதும் அதே அறிக்கையின் மதிப்பீடு.

பதிவேட்டில் பெயர் இருப்பதால் என்ன லாபம் என்கிறீர்களா? இதே கடற்கரையில் மரக்காணம் உப்பளங்களைப் பாருங்கள். மழை வந்தால் பாத்தியில் வேலை கிடையாது. அந்த மாதங்களுக்காக அரசு அறிவித்த 5,000 ரூபாய் நிவாரணம், உப்பளத் தொழிலாளி என்று பதிவில் இருக்கும் குடும்பத்தைத்தான் தேடி வரும். மழையில் டெலிவரி வேலை நிற்பதில்லை, ஆபத்துதான் கூடுகிறது. விழுந்து கை உடைந்தால் அன்றோடு வருமானம் நின்றுவிடும்.

இதற்கு மூன்று மாநிலங்கள் மூன்று வழியில் போயின. ராஜஸ்தான் 2023-இல் கிக் தொழிலாளருக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் அதுதான் முதல். கர்நாடகத்தின் 2025-ஆம் ஆண்டுச் சட்டம், தொழிலாளிக்குத் தரும் ஒவ்வொரு தொகையோடும் 1 முதல் 5 சதவீதம் வரை நல நிதிக்கு நிறுவனம் கட்ட வேண்டும் என்கிறது. தமிழகம் புதுச் சட்டத்துக்குக் காத்திராமல், 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழேயே 2023 டிசம்பரில் ஒரு நலவாரியம் அமைத்தது. சீக்கிரம் முடிகிற வழி இது. ஆனால் நிறுவனங்களிடம் பணம் வாங்கும் விஷயத்தில் கர்நாடகத்தின் வழிதான் உறுதியானது என்பது என் கருத்து.

மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21-இல்தான் நடைமுறைக்கு வந்தது. இதன்படி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை நிதிக்குத் தர வேண்டும். தொழிலாளருக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதம் என்பது உச்சவரம்பு. விபத்து, உடல்நலம், முதுமை ஆகியவற்றுக்கான திட்டங்கள் இந்த நிதியிலிருந்து வர வேண்டும். ஊழியர் என்ற பெயரை மட்டும் தரவில்லை. ஸ்பெயின் 2021-லேயே உணவு டெலிவரி செய்வோரை ஊழியராகக் கருத வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டது. ஐரோப்பிய யூனியனும் 2024-இல் இதே திசையில் ஒரு விதி கொண்டுவந்தது. அதை உறுப்பு நாடுகள் 2026 டிசம்பர் 2-க்குள் தங்கள் சட்டத்தில் சேர்க்க வேண்டும்.

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ டெலிவரி வேலை பார்ப்பவர் இருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘இ-ஷ்ரம்’ தளத்தில் அவரை உட்கார வைத்தே பதியலாம். கட்டணம் கிடையாது. தேடுதளத்தில் பெயரை அடித்தால் பல முகவரிகள் வரும். ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிற முகவரியை மட்டும் கிளிக் செய்யுங்கள். பணம் கேட்கும் தளம் என்றால் உடனே மூடிவிடுங்கள்.

ஆதாருடன் இணைத்த மொபைல் எண் அவர் கையில் இருக்க வேண்டும். ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய சிம்மைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். அப்படியானால் முதலில் ஆதார் மையத்தில் எண்ணை மாற்ற வேண்டும். எண் சரியாக இருந்தால் அதை அடித்து, படத்தில் தெரியும் எழுத்துகளையும் அடியுங்கள். பி.எப்., இ.எஸ்.ஐ. உறுப்பினரா என்று கேட்கும். இரண்டும் இல்லை என்றால் ‘இல்லை’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ஆதார் எண், முகவரி, தொழில், வங்கிக் கணக்கு, வாரிசுதாரர் என்று வரிசையாகப் பக்கங்கள் திறக்கும். தொழில் என்ற இடத்தில் அவசரப்பட்டுக் ‘கூலி’ என்று போட்டுவிடாதீர்கள். பிளாட்பாரம் வழியாக வேலை செய்பவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. கடைசியில் 12 இலக்க எண்ணுடன் ஒரு கார்டு திரையில் வரும். அதை பி.டி.எப். ஆக சேவ் செய்து ஒரு பிரிண்டும் எடுத்துக் கொடுங்கள்.

பதிவு அவர் சொந்தப் பெயரில், சொந்த வேலைக்கு இருக்க வேண்டும். அண்ணன் ஐ.டி.யில் தம்பி வண்டி ஓட்டினால், விபத்து நடந்த அன்று நிறுவனத்தின் கணக்கில் தம்பி என்று ஒருவரே இருக்க மாட்டார். காப்பீடு கேட்கும்போது பேச வாயே இருக்காது. இடையிடையே செல்பி கேட்டு ஆப் சோதிப்பதை எல்லோரும் திட்டுகிறார்கள், ஆனால் அதற்கும் காரணம் உண்டு. பிரிட்டனில் ஒருவர் கணக்கில் இன்னொருவர் ஓட்டுவது பெரிய விவகாரமாகி, நிறுவனங்கள் 2024 முதல் சோதனையைக் கூட்ட வேண்டிவந்தது.

இ-ஷ்ரம் முடிந்ததும் தமிழக நலவாரியத்தின் தளத்திலும் தனியாகப் பதிய வேண்டும். ஒன்றில் பதிந்தால் மற்றொன்றில் தானாக ஏறாது. பெரிய முதலியார்சாவடியில் வீடு, புதுச்சேரியில் ஓட்டம் என்று இருப்பவர்கள் இ-ஷ்ரமை முதலில் முடிப்பது நல்லது. மாநில வாரியம் தமிழகத்துடையது. இ-ஷ்ரம் எண் சாவடிக்கும் செல்லும், எல்லைக்கு அந்தப் பக்கமும் செல்லும். ஊரோ மொபைலோ மாறினால் அதே தளத்தில் ‘அப்டேட்’ பகுதியில் திருத்திக்கொள்ளலாம்.