புற்றுநோயும் புதிய கண்ணும்

புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் தங்கையார் இளமையிலேயே புற்றுநோய்க்கு இரையானார். அத்துயரம் அம்மையாரின் நெஞ்சை விட்டு அகலவில்லை. அதன் பயனாகவே 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தோன்றிற்று.

உடலின் உயிரணுக்கள் ஒழுங்கு தவறிப் பெருகுவதே இந்நோயாகும். தொடக்கத்தில் பெரும்பாலும் நோவு இராது. ஊடுகதிர்ப் படத்திலும் அது மங்கலான ஒரு புள்ளியாகவே தோன்றும். நாள்தோறும் நூற்றுக்கணக்கான படங்களைப் பார்க்கும் மருத்துவரின் கண் சோர்வது இயல்பேயன்றோ!

அக்கண்ணுக்குத் துணையாக இன்று செயற்கை நுண்ணறிவு வந்துள்ளது. நோயுற்றோர் படங்களையும் நோயற்றோர் படங்களையும் பல்லாயிரக்கணக்கில் கணிப்பொறிக்குக் காட்டுவர். அவற்றின் வேறுபாட்டை அது கணக்கிட்டுக் கற்றுக்கொள்ளும். பின்னர்ப் புதிய படமொன்றைக் காட்டினால், ஐயத்திற்குரிய இடத்தைச் சுட்டும். சுவீடன் நாட்டில் மார்பகப் படம் ஒவ்வொன்றையும் மருத்துவர் இருவர் பார்ப்பது வழக்கம். அங்கே ஏறத்தாழ 80,000 பெண்களை இரு பகுதியினராக்கி ஆராய்ந்தனர். 2023இல் வெளிவந்த முடிவின்படி, பழைய முறையில் 203 பேரிடமும், பொறியின் துணையோடு 244 பேரிடமும் நோய் கண்டறியப்பட்டது. படம் பார்க்கும் வேலையும் 44 விழுக்காடு குறைந்தது.

ஆயினும் இந்த மாணாக்கன் தான் கண்டதையே அறிவான். இளமையில் யான் ஓலைச்சுவடி படிக்கப் பழகியபோது, பல திங்கள் ஒருவர் கையெழுத்தையே பார்த்திருந்தேன். வேறொருவர் எழுதிய ஏடு கைக்கு வந்ததும், புள்ளியில்லா எழுத்துகளை மாற்றிப் படித்து ஆசிரியரின் நகைப்புக்கு ஆளானேன். அதுபோலவே, மேலைநாட்டார் படங்களை மட்டும் கற்ற பொறி நம்மவரிடம் பிழைபடக் கூடும். மரபணு ஆராய்ச்சிக்கும் இது பொருந்தும். ஆதலின் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம், நம் நாட்டு மார்பகப் புற்றுநோயாளர் 480 பேரின் திசுக்களை ஆராய்ந்து மரபணுத் தொகுப்பொன்றை உருவாக்கி, 2025 பிப்ரவரியில் வெளியிட்டது.

பொறி சுட்டிய இடம் நோய்தானா என்பதைத் திசுவை எடுத்து ஆராய்ந்து உறுதி செய்பவர் இன்றும் மருத்துவரே. அதற்கும் முன்னே ஒன்றுண்டு. திருமயத்திலோ அறந்தாங்கியிலோ ஒரு தாய், மார்பில் தோன்றிய கட்டியை நாணத்தால் மறைத்து, வலியில்லையே என்று வாளா இருப்பாளாயின், எப்பொறியும் அவளைக் காணாது. அடையாற்று நிலையத்தில் 1955 முதல் பணியாற்றிய டாக்டர் சாந்தா அம்மையார், 2021இல் மறையும் வரை, நோய் முற்றுமுன் வருமாறே மக்களை அழைத்துக்கொண்டிருந்தார்.