கப்பல் ஏறிய சரக்குக்கு யார் பொறுப்பு?

2025 மே 24 அன்று, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்த 'எம்.எஸ்.சி. எல்சா 3' கப்பல் கேரளக் கரைக்கு அப்பால் ஒருபக்கமாகச் சாய்ந்தது; மறுநாள் மூழ்கியது. மாலுமிகள் 24 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். கப்பலில் இருந்த 640 கன்டெய்னர்களில் பல கடலுக்குள் போயின, சில கரை ஒதுங்கின. இரண்டு வாரம் கழித்து, கொழும்பிலிருந்து மும்பைப் பக்கம் போன 'வான் ஹாய் 503' அதே கரைக்கு அப்பால் தீப்பிடித்தது. மாலுமிகள் நால்வர் காணாமல் போனார்கள். கடல் மாசு பற்றியும் மீனவர் பிழைப்பு பற்றியும் அப்போது நிறையப் பேசினோம், பேசவும் வேண்டும். அந்தக் கன்டெய்னர்களுக்குள் சரக்கு வைத்திருந்தவர்களின் கதி பற்றி மட்டும் யாரும் அதிகம் பேசவில்லை.

திருப்பூர் பனியன், கரூர் வீட்டுத்துணி, கோவில்பட்டி தீப்பெட்டி என்று நம் ஊர்ச் சரக்கு அன்றாடம் தூத்துக்குடியில் கப்பல் ஏறுகிறது. அதில் பெரும்பகுதி ஃபீடர் கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகிறது. அனுப்புகிறவர்களில் பலர் சிறு முதலாளிகள், வங்கிக் கடனில் ஓடுகிறவர்கள். 'கப்பல்காரன் வாங்கிக்கொண்டான், இனி அவன் பொறுப்பு' என்று அவர்களில் பலர் நம்புகிறார்கள். சட்டம் கப்பல்காரர் மேல் வைத்திருக்கும் பொறுப்போ, அந்த நம்பிக்கையை விட மிகச் சிறியது.

கப்பல் நிறுவனம் எவ்வளவு தரும்?

இந்தியத் துறைமுகத்திலிருந்து கடல்வழி போகும் சரக்குக்கு நூறாண்டுகளாக 1925ஆம் ஆண்டுச் சட்டம்தான் இருந்தது. 2025இல் கடல்வழிச் சரக்குப் போக்குவரத்துக்குப் புதுச் சட்டம் இயற்றப்பட்டது; அடிப்படை விதிகள் பழையவையே. கப்பலோட்டுவதில் கேப்டன் செய்த பிழை, கடலின் சீற்றம், நிறுவனத்தின் சொந்தத் தவறால் நேராத தீ ஆகியவற்றால் சரக்கு அழிந்தால் கப்பல் நிறுவனம் பொறுப்பிலிருந்து தப்பிவிடலாம்.

பொறுப்பு உண்டு என்று ஆனாலும் அதற்கு உச்சவரம்பு இருக்கிறது. ஒரு பொதிக்கு 666.67 எஸ்.டி.ஆர். அல்லது கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., இரண்டில் எது அதிகமோ அது. எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. 2025இல் ஒன்று ஏறத்தாழ 120 ரூபாயாக இருந்தது.

60 லட்சம் ரூபாய்ச் சரக்கு, 500 அட்டைப்பெட்டி, மொத்தம் 6,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சரக்கைப் பெற்றுக்கொண்டதற்குத் தரப்படும் ஆவணமான பில் ஆஃப் லேடிங்கில் (பி.எல்.) 'ஆடைகள் அடங்கிய ஒரு கன்டெய்னர்' என்று மட்டும் இருந்தால் கன்டெய்னரே ஒரு பொதி. எடைக் கணக்கில் பார்த்தாலும் 12,000 எஸ்.டி.ஆர்., அதாவது சுமார் 14 லட்சம் ரூபாய்தான் உச்சம். '500 அட்டைப்பெட்டிகள்' என்று எழுதியிருந்தால் ஒவ்வொரு பெட்டியும் தனிப் பொதி. வரம்பு பெட்டி ஒன்றுக்கு 80,000 ரூபாய் ஆகிவிடும், முழு மதிப்பையும் கேட்க முடியும். ஆகவே பி.எல். வரைவு வந்ததும் கிளியரிங் ஏஜென்ட் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். பெட்டி எண்ணிக்கையை நீங்களே சரிபாருங்கள்.

சரக்கு பத்திரம், பணம் மட்டும் போகும்

2021 மார்ச்சில் 'எவர் கிவன்' கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் சிக்கியது. மீட்ட பிறகு அதன் உரிமையாளர் 'ஜெனரல் ஆவரேஜ்' அறிவித்தார். 2024 மார்ச்சில் பால்டிமோரிலிருந்து கொழும்புக்குக் கிளம்பிய 'டாலி' பாலத்தில் மோதியபோதும் அதே அறிவிப்பு வந்தது. கப்பலையும் சரக்கையும் பொது ஆபத்திலிருந்து காப்பாற்றச் செய்த செலவையும், அதற்காக வேண்டுமென்றே இழந்த சரக்கின் மதிப்பையும் கப்பல் உரிமையாளரும் சரக்கு உரிமையாளர்களும் அவரவர் சொத்து மதிப்புக்கு ஏற்பப் பங்கிட்டுக்கொள்ளும் இந்த 'ஜெனரல் ஆவரேஜ்' மிகப் பழைய கடல் வழக்கம்.

உங்கள் சரக்கில் ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும் பங்கு கொடுத்தாக வேண்டும். பிணை கொடுக்காமல் சரக்கு கைக்கு வராது. காப்பீடு இருந்தால் அந்த நிறுவனம் உத்தரவாதக் கடிதம் கொடுத்துவிடும். இல்லாதவர் ரொக்கமாகக் கட்ட வேண்டும். கணக்கு முடிய ஆண்டுகள் ஆகலாம்.

காப்பீட்டில் கவனிக்க வேண்டியவை

கடல் காப்பீட்டில் ஏ, பி, சி என மூன்று வகை விதிகள் உண்டு. 'ஏ' மிக விரிவானது. விலக்கப்பட்டவை தவிர எல்லா இடர்களும் அதில் அடங்கும். 'சி' தீ, கப்பல் மூழ்குதல், மோதல் போன்ற சில பெரிய விபத்துகளோடு நிற்கிறது. திருட்டு அதில் வராது. ஜெனரல் ஆவரேஜ் மூன்றிலும் உண்டு. பிரீமியம் குறைவு என்பதற்காக எதை வாங்கியிருக்கிறோம் என்று பார்க்காமல் இருந்துவிடக் கூடாது.

போரும் வேலைநிறுத்தமும் மூன்றிலும் சேராது. தனியாகச் சேர்க்க வேண்டும். 2023 நவம்பரில் செங்கடலில் யேமனின் ஹூத்திகள் 'கேலக்ஸி லீடர்' கப்பலைக் கைப்பற்றிய பிறகு இது நமக்கு நேரடிப் பிரச்சினையாயிற்று. பெரிய நிறுவனங்கள் சூயஸை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. ஐரோப்பா போகும் சரக்குக்குப் பத்து நாள், இரண்டு வாரம் கூடியது. கட்டணம் பல மடங்கு ஏறியது.

தாமதத்தால் வரும் நட்டத்தை எந்த விதியும் ஈடு செய்யாது. கோடை ஆடை கோடை முடிந்து போய்ச் சேர்ந்து, வாங்குபவர் விலையைக் குறைத்தால் காப்பீடு கைகொடுக்காது. இதற்கு மருந்து ஆர்டர் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. குறித்த நாளுக்குள் கப்பலில் ஏற்றுவது மட்டுமே என் கடமை, அதன் பிறகான தாமதத்துக்கு விலைக் குறைப்போ விமானக் கட்டணமோ என் தலையில் விழாது என்று எழுதி வாங்குங்கள். கட்டணத்திலும் கவனம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2024 முதல் கப்பல்களின் கார்பன் வெளியேற்றத்துக்கும் விலை வைத்திருக்கிறது. அது கூடுதல் கட்டணமாக உங்கள் பில்லில் வரும். கட்டணம் கேட்கும்போதே எல்லாச் சர்சார்ஜையும் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

எஃப்.ஓ.பி.யில் மறைந்திருக்கும் பள்ளம்

எஃப்.ஓ.பி. விற்பனையில் சரக்கு கப்பலில் ஏறும்வரை இடர் உங்களுடையது. வாங்குபவரின் காப்பீடு பொதுவாக அதன் பிறகுதான் தொடங்கும். திருப்பூரிலிருந்து தூத்துக்குடி வரை லாரியிலும், அங்கே கிடங்கிலும் சரக்கு இருக்கும் காலத்துக்கு நீங்களே காப்பீடு எடுத்திருக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து, வாங்குபவர் கைகாட்டும் ஃபார்வர்டர், அதாவது சரக்கை அனுப்பிவைக்கும் இடைத்தரகர். அவர் கொடுப்பது பெரும்பாலும் கப்பல் நிறுவனத்தின் பி.எல். அல்ல, தானே எழுதும் ஹவுஸ் பி.எல். பணம் வருமுன், அசல் பி.எல். உங்கள் கையில் இருக்கும்போதே, வாங்குபவரிடம் சரக்கு போய்விட்ட வழக்குகள் உண்டு. ஃபார்வர்டர் 1993ஆம் ஆண்டு பன்முகப் போக்குவரத்துச் சட்டப்படி கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பணம் வராமல் அசலை 'சரண்டர்' செய்யாதீர்கள். வாங்குபவர் திவாலானால் தாங்கிக்கொள்ள இ.சி.ஜி.சி. என்ற அரசு நிறுவனத்தின் ஏற்றுமதிக் கடன் காப்பீடு தனியாக இருக்கிறது.

நம் கடமையும் உண்டு

கன்டெய்னரில் இருப்பதைச் சரியாகச் சொல்வது அனுப்புபவரின் சட்டக் கடமை. தீப்பெட்டியும் பட்டாசும் ஆபத்தான சரக்குப் பட்டியலில் வருபவை. கட்டணத்தை மிச்சம் பிடிக்க வேறு பெயரில் அனுப்பி, அதனால் விபத்து நேர்ந்தால், அந்த நட்டம் அனுப்பியவர் மேல் வரும். கப்பல் நிறுவனத்துக்கு இருக்கும் உச்சவரம்பு அவருக்குக் கிடையாது. அதைவிடப் பெரியது, முன்பின் தெரியாத மாலுமிகளின் உயிர்.

நட்டம் வந்தால் என்ன செய்வது?

சேதம் கண்ணுக்குத் தெரிந்தால் சரக்கை எடுக்கும்போதே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தெரியாத சேதமானால் மூன்று நாளுக்குள். எடுப்பவர் வெளிநாட்டு வாங்குபவர் என்பதால் இதை அவருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பெட்டிகளையும் சீலையும் படம் எடுத்து, சர்வேயரை அழைத்து, காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். சரக்கு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து, அல்லது ஒப்படைத்திருக்க வேண்டிய நாளிலிருந்து, ஓராண்டுக்குள் கப்பல் நிறுவனத்தின் மேல் வழக்குப் போடாவிட்டால் பொதுவாக உரிமை போய்விடும். 'பேசிக்கொண்டிருக்கிறோம்' என்ற மின்னஞ்சல்களிலேயே அந்த ஓராண்டைத் தொலைத்தவர்கள் உண்டு.

பெரிய நிறுவனங்களின் பி.எல்.லில் வழக்கு லண்டனில்தான் என்று இருக்கலாம். பின்பக்கச் சிறு எழுத்துகளை முன்பே படியுங்கள். பொறுப்பான கப்பல் நம் கடல் எல்லைக்குள் இருந்தால், 2017ஆம் ஆண்டு அட்மிரால்ட்டி சட்டப்படி அதைத் தடுத்து நிறுத்த ஆணையிடும் அதிகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு உண்டு.

காப்பீட்டு நிறுவனம் கைவிரித்தால் முதலில் அதன் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். பிறகு, தனிநபர் நிறுவனமோ குறுந்தொழிலோ ஆனால், 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைக்குக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் வேண்டாம். வணிகர் எடுத்த காப்பீடு என்ற ஒரே காரணத்தால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடப்படாது என்று உச்ச நீதிமன்றமும் 2023இல் சொல்லியிருக்கிறது.

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை சரக்கு கப்பல் ஏறுமுன்பே செய்துவிடக் கூடியவை. ஒப்பந்தத்தில் ஒரு வரி, பி.எல்.லில் ஓர் எண்ணிக்கை, சரியான பாலிசி: இவற்றுக்கு அதிகச் செலவில்லை. தனியாக ஒரு சிறு தொழிற்கூடத்தால் கப்பல் நிறுவனத்தோடு பேரம் பேச முடியாது. தொழில்முனைவோர் சங்கங்களும் ஏற்றுமதியாளர் அமைப்புகளும் பொது ஒப்பந்த வாசகங்களைத் தமிழில் தயாரித்து, கூட்டுக் காப்பீட்டுக்கு ஏற்பாடு செய்தால் அது முடியும். அதைக் கேட்கும் உரிமை சந்தா கட்டும் ஒவ்வோர் உறுப்பினருக்கும் இருக்கிறது. அடுத்த கூட்டத்திலேயே கேளுங்கள்.