உழைப்பும் உரிமையும் – 14: டன்னுக்கு ஐந்து சென்ட்

சென்ற வாரம் ஜெர்மனியின் பிஸ்மார்க்கோடு நிறுத்தியிருந்தோம். 1878-ல் சோஷலிஸ்டுகளை ஒடுக்கச் சட்டம் போட்ட அதே மனிதர், 1883-ல் தொழிலாளர்களுக்கு நோய்க் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தார். சோஷலிஸ்டுகளின் பக்கம் சாயும் தொழிலாளியை அரசின் பக்கம் இழுக்க அவர் போட்ட கணக்கு அது. அப்படியானால் மருத்துவக் காப்பீட்டை எந்தக் கணக்கில் எழுதுவது? சோஷலிசத்தின் வெற்றி என்றா, முதலாளித்துவத்தின் தற்காப்பு என்றா? நூற்று நாற்பது வருடமாக இந்தச் சண்டை ஓய்ந்தபாடில்லை. தத்துவமாகவே பேசிக்கொண்டிருந்தால் இன்னும் நூறு வருடம் ஓடும். இரண்டு சுரங்கப் பகுதிகளில் நடந்ததைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வரலாம் என்று நம்புகிறேன்.

முதல் இடம், தெற்கு வேல்ஸில் உள்ள ட்ரெடீகர். இரும்பாலையால் உருவாகி நிலக்கரியால் வளர்ந்த ஊர். அந்த வட்டாரச் சுரங்கங்களில் அப்போதிருந்த வழக்கம் இது: கூலியில் கம்பெனி ஒரு தொகையைப் பிடித்துக்கொள்ளும், அதை வைத்துக் கம்பெனியே ஒரு டாக்டரை நியமிக்கும். பணம் தொழிலாளியுடையது, டாக்டர் கம்பெனி ஆள். சுரங்கத்தில் கால் நசுங்கி வந்தவன் மறுபடி வேலைக்குத் தகுதியா இல்லையா என்று சொல்பவரும் அவரே. சங்கங்கள் முதலில் எதிர்த்தது இதைத்தான். இலவச வைத்தியம் வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. எங்கள் காசில் வரும் டாக்டரை நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்றார்கள்.

1890-ல் ட்ரெடீகரில் தொழிலாளர் மருத்துவ உதவிச் சங்கம் உருவானது. சந்தா, கூலியில் பவுனுக்கு மூன்று பென்னி. அன்றைய பவுனுக்கு 240 பென்னி. ஆக, கூலியில் எண்பதில் ஒரு பங்கு. அந்தக் காசில் டாக்டர்கள், அறுவை சிகிச்சை நிபுணர், மருந்தாளுநர்கள், பல் வைத்தியர், வீடு தேடி வரும் நர்ஸ் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். 1940-களில் ஊரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அதன் பாதுகாப்பில் இருந்தார்கள். பகல் முழுக்கப் பூமிக்கடியில் கரி வெட்டியவர், இரவில் கமிட்டிக் கூட்டத்தில் உட்கார்ந்து டாக்டருக்கு என்ன சம்பளம் என்று முடிவெடுத்தார். எல்லா டாக்டர்களுக்கும் இது பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன். 1920-களின் தொடக்கத்தில் அங்கே வேலை பார்த்த ஏ.ஜே. க்ரோனின், பிறகு 1937-ல் எழுதிய ‘தி சிட்டாடல்’ நாவலில் இப்படியொரு சங்கத்தின் கமிட்டியைக் கடுமையாகவே சித்தரித்தார். கமிட்டி அரசியலும் சிபாரிசும் எங்கேயும் உண்டு. ஆனால் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மனைவி, பிரசவ வலி எடுத்த இரவில் கையில் காசு இருக்கிறதா என்று யோசிக்காமல் ஆள் அனுப்ப முடிந்தது. எனக்கு அதுதான் பெரிது.

அந்த ஊரில் 1897-ல் பிறந்தவர் அனைரின் பெவன். பதின்மூன்று வயதில் டை ட்ரிஸ்ட் சுரங்கத்தில் இறங்கினார். அப்பாவும் சுரங்கத் தொழிலாளி. கரித்தூசி நுரையீரலை அடைத்து 1925-ல் மகனின் கண்முன் இறந்தார். அந்த நோய் அப்போது நஷ்ட ஈட்டுப் பட்டியலில் இல்லாததால் குடும்பத்துக்கு ஒரு பென்னியும் வரவில்லை. பெவன் ஊர் ஆஸ்பத்திரிக் கமிட்டியில் இருந்தார், 1929-ல் நாடாளுமன்றம் போனார், 1945-ல் தொழிற்கட்சி ஆட்சி அமைத்தபோது சுகாதார அமைச்சரானார். ட்ரெடீகரில் இருப்பதை நாடு முழுக்கக் கொண்டுபோவதுதான் தன் வேலை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அவர் செய்த மாற்றம் ஒன்றே ஒன்றுதான், ஆனால் எல்லாம் அதில்தான் இருந்தது. ட்ரெடீகரில் வைத்தியம் சந்தாவோடு கட்டப்பட்டிருந்தது. சந்தா கூலியோடு, கூலி சுரங்கத்தோடு. பெவன் அந்தக் கயிற்றை அறுத்தார். 1946-ல் சட்டம் நிறைவேறி, 1948 ஜூலை 5-ல் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது, பெரும்பங்குப் பணம் பொது வரியிலிருந்து வந்தது. நீ சந்தா கட்டினாயா, வேலையில் இருக்கிறாயா என்று ஆஸ்பத்திரி வாசலில் யாரும் கேட்கக் கூடாது என்பது விதி.

டாக்டர்கள் சும்மா இருக்கவில்லை. 1948 பிப்ரவரியில் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் தன் உறுப்பினர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில், கிட்டத்தட்ட பத்துக்கு ஒன்பது பேர் சட்டத்தை எதிர்த்தார்கள். அதற்கு முன்பே, 1946-ல், ஹிட்லரை வீழ்த்தி முழுசாக ஒரு வருடம் ஆகாத நிலையில், இது நாஜி ஆட்சிக்கு முதல் படி என்று அந்தச் சங்கத்தின் முன்னாள் செயலாளர் ஒருவர் எழுதினார். பெவன் சில இடங்களில் விட்டுக்கொடுத்தார். பெரிய நிபுணர்கள் அரசு ஆஸ்பத்திரியில் சம்பளம் வாங்கிக்கொண்டே தனியாகவும் நோயாளிகளைப் பார்க்கலாம். ஊர் டாக்டர்கள் அரசு ஊழியர் ஆக வேண்டாம், ஒப்பந்தத்தில் தொடரலாம். சோஷலிசத்தின் கோட்டை என்று இன்று போற்றவும் தூற்றவும் படும் அமைப்புக்குள் தனியார் தொழில் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. தூய்மைவாதிகள் இதைத் துரோகம் என்பார்கள். அந்த விலையைக் கொடுக்காமல் ஜூலை 5 வந்திருக்காது என்பது என் கருத்து.

சோஷலிசத்தைக் கடுமையாக எதிர்த்த பொருளாதார அறிஞர் ஹயெக், 1944-ல் வெளியான தன் புகழ்பெற்ற நூலில், நோய் விபத்து போன்றவற்றுக்கு விரிவான சமூகக் காப்பீட்டை அரசு ஏற்பாடு செய்வதில் தவறில்லை என்று ஒப்புக்கொள்கிறார். இன்று அவர் பெயரைச் சொல்லி அரசு ஆஸ்பத்திரிகளை மூடச் சொல்பவர்கள் அந்தப் பக்கங்களையும் படிக்க வேண்டும்.

இனி அட்லாண்டிக்கைத் தாண்டுவோம். அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தை நாற்பது ஆண்டுகள் ஆட்டிப்படைத்தவர் ஜான் எல். லூயிஸ். அவருடைய பெற்றோர் வேல்ஸிலிருந்து குடியேறியவர்கள். ஆனால் லூயிஸ் சோஷலிஸ்ட் அல்ல; வாழ்நாளின் பெரும்பகுதி குடியரசுக் கட்சிக்காரர். கம்பெனியை அரசு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. கம்பெனியின் லாபத்திலிருந்து தன் ஆட்களுக்கு எவ்வளவு கறக்க முடியுமோ அவ்வளவும் கறக்க வேண்டும் என்று நினைத்தார். அதில் அவருக்கு நிகர் அன்று யாருமில்லை.

1946 ஏப்ரலில் சுமார் நான்கு லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலி உயர்வோடு லூயிஸ் வைத்த கோரிக்கை, தொழிலாளர் குடும்பங்களுக்கு மருத்துவ நிதி. நாடே இருளில் மூழ்கும் நிலை வந்தபோது ஜனாதிபதி ட்ரூமன் சுரங்கங்களை அரசின் பொறுப்பில் எடுத்தார். மே 29 அன்று வெள்ளை மாளிகையில் லூயிஸும் உள்துறைச் செயலாளர் ஜூலியஸ் க்ரூகும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். வெட்டியெடுக்கும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் ஐந்து சென்ட் நல நிதிக்குப் போகும். அடுத்தடுத்த ஒப்பந்தங்களில் அது ஏறி ஏறி 1952-ல் நாற்பது சென்ட் ஆனது.

அந்தப் பணம் செய்த வேலையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. சுரங்கக் கூரை இடிந்து முதுகெலும்பு முறிந்தவர்கள், மலைக்குடிசைகளில் படுத்த படுக்கையாகப் பல ஆண்டுகள் கிடந்தார்கள். படுக்கைப் புண்ணோடு, மனைவியோ மகளோ புரட்டிப் போட்டால் உண்டு என்ற நிலை. கம்பெனி டாக்டர் எப்போதோ கைவிட்ட ஆட்கள். நிதியின் ஊழியர்கள் அவர்களைத் தேடிப் போனார்கள். மலைப்பாதையில் ஸ்ட்ரெச்சரில் இறக்கி, ரயிலில் ஏற்றி, கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் இருந்த மறுவாழ்வு மையங்களுக்கு அனுப்பினார்கள். இனி எழவே மாட்டார் என்று ஊர் முடிவுகட்டிய மனிதர்கள் சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலிலும் வீடு திரும்பினார்கள். 1956-ல் கென்டக்கி, வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா மாநிலங்களில் பத்து ஆஸ்பத்திரிகளை நிதி திறந்தது. ஹார்லன், ஹேஸார்ட், பெக்லி போன்ற கரி ஊர்களுக்கு அதுவரை கிடைக்காத நவீன ஆஸ்பத்திரிகள் அவை. அரசு கட்டவில்லை, தர்மப் பிரபு யாரும் கட்டவில்லை. தொழிற்சங்கம் போராடி வாங்கிய பணம் கட்டியது.

ஆனால் பணம் டன்னோடு கட்டப்பட்டிருந்தது. அதிக டன் வேண்டுமென்றால் இயந்திரம் வேண்டும். 1950 ஒப்பந்தத்துக்குப் பிறகு லூயிஸ் இயந்திரமயத்தை மனமாரவே ஏற்றார். குறைவான ஆட்கள், நல்ல கூலி, நிறைந்த நிதி என்பது அவர் கணக்கு. அந்த ஆண்டில் நான்கு லட்சத்துக்கு மேல் இருந்த தொழிலாளர் எண்ணிக்கை, பத்தே ஆண்டுகளில் பாதிக்கும் கீழே போனது. வீடுகளும் ரயில்களும் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மாறின. கிழக்குக் கென்டக்கியின் சின்னச் சுரங்க முதலாளிகள், டன் கணக்கில் நிதிக்குச் சேர வேண்டிய ராயல்டியைக் கட்டாமல் நழுவினார்கள். 1960-ல், வேலை இழந்து ஓராண்டு கடந்தவர்களின் மருத்துவ அட்டையை நிதி ரத்து செய்தது. 1962-ல், ராயல்டி கட்டாத கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களின் அட்டைகளும் பறிபோயின. கட்டாமல் விட்டவன் முதலாளி, அட்டை போனது தொழிலாளிக்கு. அதே ஆண்டு சில ஆஸ்பத்திரிகளை மூடப்போவதாக அறிவிப்பும் வந்தது. ஹேஸார்ட் வட்டாரத்தில் தொழிலாளர்கள் கார்களில் கூட்டம் கூட்டமாகச் சுரங்கம் சுரங்கமாகப் போய் மறியல் செய்தார்கள். சொந்தச் சங்கமே அவர்களோடு நிற்கவில்லை. கடைசியில் அந்த ஆஸ்பத்திரிகளைக் காப்பாற்றியது பிரெஸ்பிடேரியன் சபையும், கூடவே வந்த அரசுப் பணமும்.

பெவன் முதன்முதலில் இறங்கிய டை ட்ரிஸ்ட் சுரங்கமும் 1959-ல் மூடப்பட்டது. அடுத்தடுத்து மற்ற சுரங்கங்கள், 2002-ல் பக்கத்து எப்பு வேல் எஃகு ஆலை. வேல்ஸ் பள்ளத்தாக்குகள் வறுமையில் விழுந்தன, இன்றும் முழுதாக எழவில்லை. ஆனால் வேலை போன அன்று அங்கே யாருக்கும் டாக்டர் போகவில்லை. அந்த ஊர்களுக்கு வர உள்ளூர் டாக்டர்கள் தயங்கிய காலத்தில், இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவர்கள் அங்கே கிளினிக்குகளை நடத்தினார்கள்.

அமெரிக்கச் சங்கங்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ட்ரூமன் 1945-லேயே தேசியக் காப்பீட்டை முன்மொழிந்தார். அமெரிக்க மருத்துவச் சங்கம் விளம்பர நிபுணர்களை அமர்த்தி, உறுப்பினருக்கு 25 டாலர் வசூலித்து, ‘சோஷலிச வைத்தியம்’ என்று பயம் காட்டி அதைத் தோற்கடித்தது. வேறு வழியில்லாமல் சங்கங்கள் முதலாளியோடு பேரம் பேசின. 1950-ல் ஜெனரல் மோட்டார்ஸோடு கார் தொழிலாளர் சங்கத் தலைவர் வால்டர் ரூதர் செய்த ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஆஸ்பத்திரிக் காப்பீட்டில் பாதியைக் கம்பெனி ஏற்றது. தேசியக் காப்பீட்டைக் கடைசிவரை கேட்டவர் ரூதர். ஆனால் பல சங்கங்களுக்குத் தங்கள் உறுப்பினருக்குக் கிடைத்ததே போதும் என்று ஆகிவிட்டது. வேலிக்கு உள்ளே இருப்பவனுக்கு மட்டும் வாங்கித் தந்த உரிமை, வேலி சுருங்கும்போது அவனையே வெளியே தள்ளும். 2023-லும் அமெரிக்காவில் சுமார் 2.6 கோடிப் பேருக்குக் காப்பீடு கிடையாது.

பிரிட்டனில் எல்லாம் சுகம் என்று எழுதினால் அது பொய். 2023 செப்டம்பரில் இங்கிலாந்தில் சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியல் 77 லட்சத்தைத் தாண்டியது. இடுப்பு மாற்று அறுவைக்கு வருடக்கணக்கில் வலியோடு காத்திருப்பவரிடம் கொள்கைப் பெருமை பேச முடியாது. 2022 டிசம்பரில் நர்ஸுகளின் தொழிற்சங்கமான ராயல் கல்லூரி, தன் 106 ஆண்டு வரலாற்றில் முதல் தேசிய அளவிலான வேலைநிறுத்தத்தை நடத்தியது. அரசே முதலாளியான பிறகு சங்கம் எதற்கு என்று கேட்ட இடதுசாரிகளுக்கும், சங்கம்தான் சேவையைக் கெடுக்கிறது என்ற வலதுசாரிகளுக்கும் அந்த நர்ஸுகள் சேர்த்தே பதில் சொன்னார்கள். சம்பளத்தை வருடக்கணக்கில் நெரித்தால் ஆள் நிற்க மாட்டார்கள். ஆள் இல்லாத வார்டில் உரிமை இருந்தும் பயனில்லை. பொதுப் பணத்தில் நடப்பதற்குப் பொதுப் பணம் போதிய அளவு வர வேண்டும், அதைக் கேட்டு வாங்கச் சங்கமும் வேண்டும்.

என் தீர்ப்பு இது. சங்கம் இல்லாமல் ட்ரெடீகரும் இல்லை, ஹார்லன் ஆஸ்பத்திரியும் இல்லை. அதே சங்கம் வாங்கித் தந்தது, வேலையோடு கட்டப்பட்டிருந்தால் வேலையோடு போகும். ஊரில் இருக்கும் எல்லோருக்கும் ஆகும்போதுதான் நிற்கும்.

தேசிய சுகாதார சேவை தொடங்கிய அதே 1948-ல், அதற்குச் சில மாதம் முன்பு, இந்தியாவில் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் (ஈ.எஸ்.ஐ.) சட்டம் நிறைவேறியது. அதன் வேர், பேராசிரியர் அடார்கர் 1944-ல் கொடுத்த அறிக்கையில் இருக்கிறது. நாம் எடுத்தது ட்ரெடீகரின் வழியா, லூயிஸின் வழியா என்பதை அடுத்த வாரம் பார்ப்போம். அதற்குள் உங்கள் சம்பளச் சீட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஈ.எஸ்.ஐ. பிடித்தம் அதில் இருக்கிறதா, நேற்று வரை இருந்து சம்பளம் வரம்பைத் தாண்டியதும் நின்றுவிட்டதா, ஒப்பந்தத் தொழிலாளி என்பதால் உங்களுக்குச் சீட்டே கிடையாதா என்று எழுதி அனுப்புங்கள். அந்தக் கடிதங்களிலிருந்தே அடுத்த பகுதியைத் தொடங்க விரும்புகிறேன்.

(தொடரும்)