படம் ஏறவில்லையா? முதலில் கோப்பைப் பாருங்கள்

தொன்மைப் பாதுகாப்பு மன்ற மாணவர்களைக் காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலுக்கு அழைத்துச் சென்றால், மாலைக்குள் இருநூறு முந்நூறு படங்கள் சேர்ந்துவிடும். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய இக்கோயிலின் திருச்சுற்றில் மட்டும் 58 சிறு சன்னதிகள் உள்ளன. பார்வைக்கு ஒன்றைப் போலவே மற்றொன்று இருக்கும். எந்தப் படம் எந்தச் சன்னதி என்பது ஒரு வாரம் கழித்து, எடுத்தவருக்கே நினைவிருக்காது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் உள்ள ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கோயில் படங்கள் ஆய்வாளர்களுக்குப் பயன்படுவதற்குக் காரணம், அவை வகைப்படுத்தி வைக்கப்பட்டிருப்பதுதான். பள்ளி அளவில் அதே வேலையைச் செய்ய டிஜிகேம் போன்ற படப்பட்டியல் மென்பொருள்கள் இருக்கின்றன. டிஜிகேமுக்கு விலை இல்லை. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும்.

சிக்கல், படங்களை அதற்குள் ஏற்றும்போது தொடங்குகிறது. 300 படங்களைத் தேர்ந்தெடுத்தால் 240 வருகின்றன. அல்லது பாதியில் நின்றுவிடுகிறது. உடனே மென்பொருளை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுபவர்கள் உண்டு. பெரும்பாலும் குற்றம் மென்பொருளில் இருப்பதில்லை. கோப்பிலோ அது வந்த வழியிலோ இருக்கும். கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று: ஏறாத படத்தை, மென்பொருளைத் தொடாமல், கணினியின் ஒரு கோப்புறைக்கு நகலெடுத்துத் திறந்து பாருங்கள். நகலே எடுக்க முடியவில்லை என்றால் கைபேசி, கேபிள், மெமரி கார்டு ஆகியவற்றில் ஒன்றில் கோளாறு. நகலாகியும் திறக்கவில்லை என்றால் கோப்பில் கோளாறு. நன்றாகத் திறந்தால் மட்டுமே மென்பொருளைச் சந்தேகிக்க வேண்டும்.

கைபேசிப் பக்கக் கோளாறுகள் எளியவை. ஆண்ட்ராய்டு கைபேசியை இணைத்ததும் அது சார்ஜ் ஏறும் நிலையிலேயே நிற்கும். திரைப்பூட்டைத் திறந்து, கோப்புப் பரிமாற்றம் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐபோனில், கணினிக்கு அனுப்பும்போதே படத்தை வேறு வடிவத்துக்கு மாற்றும் அமைப்பு ஒன்று உண்டு. அந்த மாற்றத்தின்போது சில சமயம் இணைப்பு அறுந்துவிடும். அமைப்புகளில் போட்டோஸ் பகுதிக்குப் போய், 'கீப் ஒரிஜினல்ஸ்' என்று வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கோப்புக் கோளாறுகளில் அடிக்கடி வருவது ஹெச்.இ.ஐ.சி. 2017 முதல் ஐபோன்கள் பழைய ஜேபெக் வடிவத்துக்குப் பதில் இதில் படங்களைச் சேமிக்கின்றன. சில ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் இந்தத் தேர்வு உண்டு. இடம் குறைவாகப் பிடிக்கும். ஆனால் பழைய மென்பொருள்களுக்கு இதைப் படிக்கத் தெரியாது. விண்டோஸிலும் தனி நீட்சி தேவைப்படலாம். மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவுவது ஒரு வழி. களப்பயணத்துக்கு முன்பே ஐபோனின் கேமரா அமைப்பில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று வைத்துவிடுவது அதைவிட நல்லது.

சிலர் கோப்பின் பெயர்க் கடைசியை மட்டும் ஜே.பி.ஜி. என்று திருத்திவிடுகிறார்கள். சட்டையை மாற்றினால் ஆள் மாறமாட்டார், கோப்பும் அப்படித்தான். சந்தேகம் வந்தால் அதன் நகலை நோட்பேடில் திறந்து முதல் வரியைப் பாருங்கள். புரியாத குறிகளுக்கு நடுவே ஜே.எஃப்.ஐ.எஃப். அல்லது எக்ஸிஃப் என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது பெரும்பாலும் ஜேபெக். எஃப்.டி.ஒய்.பி. என்பதை அடுத்து ஹெச்.இ.ஐ.சி. என்றிருந்தால் பெயர் எதுவானாலும் அது ஹெச்.இ.ஐ.சி.தான். பார்த்துவிட்டுச் சேமிக்காமல் மூடிவிடுங்கள்.

கோப்பின் அளவு 0 என்று காட்டினாலோ, படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக இருந்தாலோ, நகலெடுத்து முடியுமுன் பென்டிரைவைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். மூலத்திலிருந்து மறுபடி எடுப்பதே வழி.

தமிழில் பெயர் வைக்கும் நம்மைப் போன்றவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. 'கைலாசநாதர்' என்பதில் எழுத்துகள் 6. கணினியோ இணைக்கொம்பு, துணைக்கால், புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணி 10 என்கிறது. விண்டோஸில் கோப்புறைகளின் பெயர்களையும் சேர்த்து மொத்தப் பாதை 260 குறிகளைத் தாண்டினால் பல மென்பொருள்கள் தடுமாறும். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட். ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் ஆவதால் 85 குறிகளோடு முடிந்துவிடும். கோப்புக்கு 'கைலாச_சன்னதி_07_01' என்ற அளவில் பெயர் வையுங்கள். நீண்ட விளக்கத்துக்குத் தலைப்புக் குறிப்பு இருக்கிறது.

முந்நூறில் ஒரே ஒரு படம்தான் எல்லாவற்றையும் தடுக்கிறது, எது என்று தெரியவில்லை என்றால், பாதிப் பாதியாகப் பிரித்து ஏற்றுங்கள். எந்தப் பாதி நிற்கிறதோ அதை மறுபடி பாதியாக்குங்கள். ஒன்பது முறைக்குள் அகப்பட்டுவிடும். கணித ஆசிரியர்கள் இதை வகுப்பிலேயே செய்து காட்டலாம்.

இதுவரை சொன்னவை கண்ணுக்குத் தெரியும் தோல்விகள். தெரியாமல் நடப்பவைதான் எனக்குக் கூடுதல் கவலை தருகின்றன. மாணவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்கள் தடையின்றி ஏறிவிடும். ஆனால் படம் சுருங்கியிருக்கும், எடுத்த நாளும் நேரமும் இடமும் அடங்கிய எக்ஸிஃப் குறிப்புகள் போயிருக்கும். அப்போது மென்பொருள் கோப்பு உருவான நாளையே படம் எடுத்த நாளாகக் காட்டும். இது சின்ன விஷயம் அல்ல. இக்கோயிலின் பழைய ஓவியங்களைப் பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ரேய் 1931இல் அடையாளம் கண்டார். இன்று எஞ்சியிருப்பவை சிதைந்த பகுதிகளே. இனி எவ்வளவு மங்குகிறது என்று ஒப்பிட, நாள் தெரிந்த படம் வேண்டும். வாட்ஸ்அப்பைத் தவிர்க்க முடியாதபோது, படமாக அனுப்பாமல் டாகுமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். குறிப்புகள் அப்படியே வரும்.

இன்னொன்று, ஒரே பெயர். ஒரே வகைக் கேமராக்கள் இரண்டிலும் 0001 என்ற எண்ணில் படம் இருக்கும்; 9999 ஆனதும் எண்ணிக்கை மறுபடி தொடக்கத்துக்கு வந்துவிடும். ஒரே கோப்புறையில் சேர்க்கும்போது ஒன்றை மற்றொன்று அழிக்கலாம், அல்லது ஏற்கெனவே இருக்கிறது என்று மென்பொருள் தாண்டிவிடலாம். மாணவருக்கு ஒரு கோப்புறை என்று தனியாக வைத்து ஏற்றினால் இது நேராது.

ஏற்றி முடித்ததும் கார்டில் இருந்த எண்ணிக்கையையும் ஆல்பத்தில் உள்ள எண்ணிக்கையையும் ஒப்பிட்டு, பத்துப் படங்களையாவது பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டும் சரியாகும்வரை கைபேசியிலிருந்து எதையும் அழிக்க வேண்டாம் என்று மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கைபேசி பெரும்பாலும் பெற்றோருடையது. இரவுக்குள் இடம் காலி செய்துவிடுவார்கள்.