கைப்பேசியில் கேட்காத ஒலியைக் கேட்பது எப்படி?

உட்லண்ட்ஸ் வீட்டில் கைப்பேசியில் படம் பார்க்கிறீர்கள். டைனோசர் உறுமுகிறது. திரையரங்கில் நெஞ்சை அதிரவைத்த அந்த உறுமல், இங்கே சன்னமாகிவிடுகிறது. ஏன்?

தாழ்ந்த ஒலியை எழுப்ப நிறைய காற்றை அசைக்க வேண்டும். விரல்நுனி அளவு ஒலிபெருக்கியால் 100 ஹெர்ட்ஸ் ஒலியைச் சரியாக எழுப்ப முடியாது. சத்தத்தைக் கூட்டினால் கரகரப்புதான் மிஞ்சும்.

எனவே, ஒலிப்பொறியாளர்கள் 100இன் மடங்குகளான 400, 500, 600 ஹெர்ட்ஸ் போன்ற ஒலிகளைச் சேர்க்கிறார்கள். இவை கலந்த அலை நொடிக்கு 100 முறை தன்னையே திருப்பிச் செய்கிறது. அந்த ஒழுங்கைப் பிடித்துக்கொண்டு, மூளை 100 ஹெர்ட்ஸ் சுருதியை உணர்கிறது!

கடற்பாலத்துக்கு அப்பால், ஜோகூரிலிருந்து தாத்தா வீட்டுத் தொலைபேசியில் பேசும்போதும் இதுதான் நடக்கிறது. ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண் ஏறக்குறைய 120 ஹெர்ட்ஸ். வழக்கமான தொலைபேசி இணைப்பு கடத்துவதோ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை. ஆனாலும் தாத்தாவின் கனத்த குரல் கனமாகவே கேட்கிறது.

சோதித்துப் பாருங்கள். ஒலியெழுப்பும் செயலியை மூன்று கைப்பேசிகளில் திறந்து, 400, 500, 600 ஹெர்ட்ஸ் ஒலிகளை மிதமான அளவில் ஒன்றாக ஒலிக்க விடுங்கள். பிறகு 500ஐ மட்டும் நிறுத்துங்கள். சுருதி ஏறுகிறதா, இறங்குகிறதா? 400, 600 இரண்டின் மீப்பெரு பொதுக் காரணியில் விடை இருக்கிறது.