சோம்பு மணக்கும் கிறிஸ்துமஸ் பிஸ்கட்

டிசம்பர் பிறந்துவிட்டால் பெங்களூர்த் தண்டுப் பகுதிக்கு ஒரு தனி மணம் வந்துவிடும். பிரேசர் டவுன், சிவாஜி நகர், அல்சூர் பக்கம் மாலையில் நடந்து போனால் வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்து வேகும் வாசனை தெருவுக்கே வந்து நம்மை வரவேற்கும். 1809-இல் ஆங்கிலேயர் இங்கே ராணுவத் தண்டு அமைத்தபோது, அதைத் தொடர்ந்து சென்னை மாகாணத்திலிருந்து வந்து குடியேறிய தமிழர் ஏராளம். அவர்களில் கிறிஸ்தவக் குடும்பங்களும் பல. அந்த வீடுகளில் கிறிஸ்துமஸ் என்றால் குல்குல், அச்சு முறுக்கு, பழக்கேக் மூன்றும் கட்டாயம். அவற்றைத் தட்டில் அடுக்கி, மேலே பூவேலை செய்த துணி போர்த்தி, அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்புவார்கள். தீபாவளிக்கு அதிரசமும் முறுக்கும் வந்த வீடுகளுக்கு மறுமொய் போல இந்தத் தட்டு போகும்.

இந்தத் தட்டில் ஒரு சிறு சங்கடம் உண்டு. அதை யாரும் வெளியே பேசுவதில்லை. கேக்கில் முட்டை இருக்கும். பழங்களை ரம்மிலோ பிராந்தியிலோ ஊறவைத்திருப்பார்கள். பல வீடுகளில் குல்குல் மாவிலும் முட்டை சேரும். மரக்கறி உணவு மட்டுமே உண்ணும் அண்டை வீட்டார் முகமலர்ச்சியோடு தட்டை வாங்கிக்கொள்வார்கள். பிறகு அது வேலைக்கார அம்மாவின் பைக்குள் போய்விடும். கொடுத்தவருக்கும் அது தெரியும். தெரிந்தும் அடுத்த ஆண்டு கொடுப்பார். இருவர் மேலும் குற்றமில்லை. ஆனால் ஒரே மாடிப்படியில் இருபது வருடம் ஏறி இறங்கியவர்கள், ஒருவர் வீட்டுப் பலகாரத்தை மற்றவர் ஒருமுறைகூட ருசித்ததில்லை என்பது வருத்தந்தானே? இதற்கு வழியாக ஓர் எளிய இத்தாலியப் பண்டிகை பிஸ்கட்டை நம் தாய்மார்களுக்குச் சொல்லவே இந்தக் கட்டுரை.

இத்தாலி நமக்குப் புதிதல்ல

தமிழருக்கு இத்தாலியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் 1680-இல் அந்த நாட்டில் பிறந்தவர். அவருக்கு முன்பே, 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலியும் இத்தாலியரே. தத்துவ போதகர் என்று பெயர் பூண்ட அவர், இங்குள்ள மக்களோடு நெருங்கிப் பழக வேண்டிக் காவியுடை உடுத்தினார். புலால் உணவை அடியோடு விட்டார். அடுத்த வீட்டு வாசலுக்குள் போக வேண்டுமானால் முதலில் தன் தட்டை மாற்ற வேண்டும் என்று அறிந்திருந்தார்.

நாம் தினமும் சொல்லும் ‘பிஸ்கட்’ என்ற சொல்லும் இத்தாலிய மொழியின் ‘பிஸ்கோத்தோ’வும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ‘இருமுறை வெந்தது’ என்பது பொருள். பெங்களூர்க்காரர்களுக்கு இதை விளக்க ஒரு வார்த்தை போதும்: ரஸ்க். ஒருமுறை சுட்ட ரொட்டியைத் துண்டு போட்டு மறுமுறை சுடும் அதே வித்தைதான். நம் ஊரின் முதல் ஐயங்கார் பேக்கரி 1898-இல் சிக்பேட்டையில் தொடங்கியது. ஹாசன் பக்கத்திலிருந்து வந்த இந்த ஐயங்கார்கள் வீட்டில் பேசுவது ஹெப்பார் தமிழ். முட்டை சேர்க்காமலே மெத்தென்று கேக்கும் பன்னும் செய்ய முடியும் என்று இந்த நகரத்துக்குக் காட்டியவர்கள் அவர்கள். அந்தக் கைவழியைத்தான் நாமும் இங்கே கடன் வாங்கப் போகிறோம்.

இத்தாலியின் அப்ரூஸ்ஸோ பகுதியில் ‘பிட்ஸெல்லே’ என்றொரு பலகாரம் உண்டு. பூக்கோலம் செதுக்கிய இரும்பு அச்சில் மாவை வைத்து அழுத்தித் தீயில் காட்டி எடுப்பார்கள். நம் அச்சு முறுக்குக்கு அது அக்கா முறை என்றே சொல்லலாம். இங்கே எண்ணெய், அங்கே நெருப்பு, அவ்வளவே வித்தியாசம்.

அனிஸும் சோம்பும்

இத்தாலியப் பண்டிகை பிஸ்கட்டுகள் பலவற்றுக்கு உயிர் ‘அனிஸ்’ என்ற விதை. நாம் சோம்பு என்றும் பெருஞ்சீரகம் என்றும் சொல்வது அதன் நெருங்கிய உறவு. இரண்டும் சீரகம், கொத்தமல்லி சேர்ந்த குடும்பம். பிரியாணியில் போடும் அன்னாசிப்பூ வேறு குடும்பத்து மரத்தின் காய். ஆனால் மூன்றுக்கும் அந்த இனிய மணத்தைத் தருவது அனெத்தோல் என்ற ஒரே பொருள்தான். ஆகவே வெளிநாட்டு எசென்ஸைத் தேடி அலைய வேண்டாம். ரசல் மார்க்கெட்டிலோ தெருமுனைக் கடையிலோ கிடைக்கும் சோம்பே போதும்.

இந்தப் பழக்கம் மிகப் பழையது. இயேசு பிறப்பதற்குச் சுமார் 150 ஆண்டுகளுக்கு முன் மறைந்த ரோமானியர் கேட்டோ, பயிர்த்தொழில் பற்றி எழுதிய நூலில் ஒரு பணியாரத்துக்குச் செய்முறை தருகிறார். மாவைத் திராட்சைச் சாற்றில் பிசைந்து, அனிஸும் சீரகமும் சேர்த்து, அடியில் வாசனை இலை பரப்பிச் சுட வேண்டுமாம். நாம் விருந்து முடிந்து ஒரு சிட்டிகை சோம்பு மெல்லுகிறோம். அவர்கள் அதைப் பணியாரத்துக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்.

செய்முறை

தேவையானவை (சுமார் 25 பிஸ்கட்டுக்கு): மைதா 250 கிராம், பொடித்த சர்க்கரை 100 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 75 கிராம், கெட்டித் தயிர் 120 கிராம், பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, சோம்பு 1 மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை.

முட்டை சேர்ப்பவர்கள் தயிரையும் சோடாவையும் விட்டுவிட்டு, 2 முட்டை, 1 மேசைக்கரண்டி பால், 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர் என்று மாற்றிக்கொள்ளலாம்.

சோம்பை வெறும் வாணலியில் மணம் வரும்வரை மட்டும் வறுத்து, ஆறியபின் பொடித்துச் சலிக்கவும். கருகினால் கசக்கும். அன்னாசிப்பூவில் ஓர் இதழைச் சேர்த்துப் பொடித்தால் அனிஸ் மணத்துக்கு இன்னும் நெருங்கும். மைதா, பேக்கிங் பவுடர், சோடா, உப்பு, சோம்புப் பொடியை ஒன்றாகச் சலிக்கவும். பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மாவு சற்று வேகமாக எழும்பும். எனவே பேக்கிங் பவுடரைக் குவித்து அள்ளாமல் தலைதட்டி அளக்கவும்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்கக் குழைத்து, தயிரைச் சேர்த்து, பிறகு மாவைக் கொட்டி மெதுவாகப் பிசையவும். சப்பாத்தி மாவுபோல் அழுத்திப் பிசைந்தால் பிஸ்கட் கல்லாகிவிடும். மாவு கையில் ஒட்டும் பதத்தில்தான் இருக்கும். அரைமணி நேரம் மூடி வைத்து, கையில் எண்ணெய் தடவிச் சிறு எலுமிச்சை அளவு உருட்டி, இடம் விட்டுத் தட்டில் அடுக்கவும். முன்பே சூடேற்றிய ஓவனில் 175 டிகிரி செல்சியஸில் 12 முதல் 15 நிமிடம் வைக்கவும். மேலே வெளுப்பாகவும் அடியில் இளம் பொன்னிறமாகவும் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

ஓவன் இல்லையா? அடிகனமான பழைய பாத்திரத்தில் ஒரு அங்குலம் கல்லுப்பு பரப்பி, முக்காலி வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடேற்றுங்கள். பிஸ்கட் தட்டை உள்ளே வைத்து மூடி, மிதமான தீயில் 20 நிமிடம் விட்டால் போதும்.

ஆறியபின் 100 கிராம் பொடித்த சர்க்கரையில் 4 தேக்கரண்டி பாலும் சில சொட்டு எலுமிச்சைச் சாறும் விட்டுக் குழைத்து, பிஸ்கட்டின் தலையை அதில் முக்கி எடுக்கவும். இத்தாலியில் மேலே வண்ணச் சர்க்கரை மணிகளைத் தூவுவார்கள். நமக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்று இருக்கிறது. ஓட்டல் கல்லாவில் கிண்ணத்தில் வைக்கும் வண்ணச் சர்க்கரை பூசிய சோம்பு! சர்க்கரைப் பாகு காயும்முன் நாலைந்து மணி தூவினால் குழந்தைகள் விடமாட்டார்கள். இந்த வேலையை அவர்களிடமே கொடுத்துவிடலாம்.

டப்பாவில் நன்றாக மூடி வைத்தால் நாலைந்து நாள் தாங்கும். 22, 23 தேதிகளில் செய்துவிட்டால் பண்டிகையன்று அடுப்படியில் நிற்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இருவகையும் செய்வதானால், முட்டை இல்லாததை முதலில் செய்து, தனி டப்பாவில் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு மற்றதைத் தொடங்குங்கள். கொடுக்கும்போதும் தனித் தட்டு. பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பாமல் நீங்களே போய்க் கதவைத் தட்டி, “மாமி, இதுல முட்டை சேர்க்கல, பாத்திரமும் வேற. உங்களுக்குன்னே செஞ்சது, ஒண்ணு சாப்பிட்டுப் பாருங்க” என்று சொல்லிவிட்டு வாருங்கள்.