20 பார்சல், 40 ஆர்டர்: டேக் மேனேஜரில் கணக்கு தப்புவது எங்கே?

ஆன்லைனில் சேலை விற்கும் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். மாத விளம்பரச் செலவு 10,000 ரூபாய். ரிப்போர்ட்டில் 40 ஆர்டர்கள். ‘ஒரு ஆர்டருக்கு 250 ரூபாய்தானே, பரவாயில்லையே’ என்று அடுத்த மாத பட்ஜெட்டை இரட்டிப்பாக்குகிறார் உரிமையாளர். ஆனால், கடையில் இருந்து கிளம்பியது 20 பார்சல்தான். உண்மையில் ஒரு ஆர்டருக்கு ஆன செலவு 500 ரூபாய்!

இப்படி நடந்தால் முதலில் பார்க்க வேண்டியது, வெப்சைட்டில் டிராக்கிங் கோடு இரண்டு முறை ஏறியிருக்கிறதா என்பதைத்தான்.

டேக் மேனேஜர் என்றால் என்ன?

கூகுள் அனலிட்டிக்ஸுக்கு ஒரு கோடு, மெட்டா பிக்சலுக்கு ஒரு கோடு, கூகுள் விளம்பரத்துக்கு இன்னொன்று. இவற்றைத்தான் ‘டேக்’ என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் டெவலப்பரிடம் “இதையும் கொஞ்சம் போட்டு விடுங்க” என்று கேட்டுக் காத்திருக்க வேண்டும். அதற்கு மாற்றாக 2012-ல் கூகுள் கொண்டுவந்த இலவச சேவைதான் டேக் மேனேஜர். அதன் கோடை வெப்சைட்டில் ஒரு முறை போட்டுவிட்டால், பெரும்பாலான டேக்குகளை அங்கிருந்தே சேர்க்கலாம், நீக்கலாம்.

இதில் மூன்று சொற்கள் புரிந்தால் போதும். என்ன வேலை என்பது டேக். அது எப்போது நடக்க வேண்டும் என்பது ட்ரிக்கர். ஆர்டர் தொகை, ஆர்டர் எண் போன்ற தகவல்கள் வேரியபிள்.

எப்படி அமைப்பது?

முதலில் நிறுவனத்தின் பெயரில் அக்கவுன்ட், அதற்குள் வெப்சைட்டுக்கு ஒரு கன்டெய்னர். உடனே இரண்டு துண்டு கோடு கிடைக்கும். முதல் துண்டு, பக்கத்தின் ‘ஹெட்’ பகுதியில் முடிந்தவரை மேலே. இரண்டாவது, ‘பாடி’ பகுதி தொடங்கியவுடன். எல்லாப் பக்கங்களிலும் இது இருக்க வேண்டும்.

அடுத்து, அனலிட்டிக்ஸின் மெஷர்மென்ட் ஐடியுடன் ‘கூகுள் டேக்’ ஒன்றை உருவாக்கி, எல்லாப் பக்கங்களுக்குமான ட்ரிக்கரை இணைக்க வேண்டும். ‘பிரிவியூ’வைத் தட்டினால், எந்த டேக் ஓடியது, எது ஓடவில்லை என்பது தெரியும். எல்லாம் சரி என்றால் ‘பப்ளிஷ்’. அதுவரை வெப்சைட்டுக்கு வருபவர்களுக்கு எந்த மாற்றமும் போய்ச் சேராது. ஒவ்வொரு பப்ளிஷும் தனி வெர்ஷனாகச் சேமிக்கப்படுவதால், ஏதாவது சொதப்பினால் பழையதுக்குத் திரும்பலாம்.

இரட்டைக் கணக்கு எங்கிருந்து வருகிறது?

வெப்சைட்டில் ஏற்கெனவே நேரடியாகவோ, பிளகின் மூலமாகவோ போட்ட கோடை எடுக்காமல், அதையே டேக் மேனேஜரிலும் சேர்ப்பது முதல் காரணம். ஒரே பக்கப் பார்வை இரண்டாகப் பதிவாகும்.

இரண்டாவது காரணம், ‘ஆர்டருக்கு நன்றி’ பக்கம். வாடிக்கையாளர் அதை ரீஃப்ரெஷ் செய்தாலோ, மறுபடி திறந்தாலோ, டேக் மீண்டும் ஓடும். ஆர்டர் எண்ணை ‘ட்ரான்ஸாக்ஷன் ஐடி’யாகச் சேர்த்து அனுப்பினால், அதே வாடிக்கையாளரின் அதே ஆர்டரை அனலிட்டிக்ஸ் திரும்ப எண்ணாது. ‘பணம் செலுத்து’ பட்டனில் ட்ரிக்கர் வைப்பதும் தப்பு. பேமென்ட் தோற்றாலும் அது ஆர்டராகிவிடும்.

இந்தத் தப்பான எண்களை நம்புவது உரிமையாளர் மட்டுமல்ல. விளம்பரத் தளங்களின் தானியங்கி ஏல முறையும் இவற்றை வைத்தே அடுத்த ரூபாயை எங்கே செலவழிப்பது என்று முடிவு செய்கிறது.

சாவி யார் கையில்?

‘கஸ்டம் ஹெச்.டி.எம்.எல்’ என்ற டேக் வழியாக வெப்சைட்டில் எந்த கோடையும் ஓட்ட முடியும். வாடிக்கையாளர்களின் கார்டு விவரங்களைத் திருடவும் டேக் மேனேஜரைப் பயன்படுத்தியதை பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். எனவே அக்கவுன்ட், ஏஜென்சியின் மெயில் ஐடியில் அல்லாமல் நிறுவனத்தின் மெயில் ஐடியில் இருப்பது நல்லது. பப்ளிஷ் உரிமை ஓரிருவருக்குப் போதும். வேலையை விட்டுச் சென்றவரின் அனுமதியை அன்றைக்கே நீக்கிவிட வேண்டும்.

வாடிக்கையாளரின் சம்மதமும் முக்கியம். தனிப்பட்ட தகவலைக் கையாள சம்மதத்தை அடிப்படையாக வைக்கிறது இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். சம்மதம் கிடைத்த பிறகே டேக்குகள் ஓடும்படி, டேக் மேனேஜரிலேயே அமைக்க முடியும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு எளிய சோதனை: ஒரே ஒரு ஆர்டர் போட்டுப் பாருங்கள். மறுநாள் ரிப்போர்ட்டிலும் அந்த ஆர்டர் ஒன்றாகவே இருக்கிறதா? பட்ஜெட்டைக் கூட்டுவதைப் பற்றி அதற்கப்புறம் யோசிக்கலாம்.